தக்காளி வழியாக ஒரு நாட்டுக்குக் கிடைக்கும் புரதம்: ஆண்டுவாரிப் போக்கைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டில் நபர் ஒருவருக்கு, நாள் ஒன்றுக்கு, தக்காளி வழியாக எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது? அது ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியிருக்கிறது? இதைக் கணக்கிட்டு எழுத வேண்டியவர்களுக்கான வழிகாட்டி இது.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். 'புரத வழங்கல்' என்று தலைப்பிட்ட நெடுவரிசையை முதலிலேயே எடுத்து, கோடு வரைந்து, கோட்டின் மேடு பள்ளத்துக்குக் காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த மேடு பள்ளத்தில் பாதி, எண்ணைச் சுருக்கி எழுதியதால் வந்தது என்று தெரியும்போது அறிக்கை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

தக்காளியின் புரத எண் தனியாக அளக்கப்பட்டது அல்ல. தக்காளியின் எடையை ஒரு காரணியால், அதாவது 100 கிராம் தக்காளியில் எத்தனை கிராம் புரதம் என்ற விகிதத்தால், பெருக்கி வருவது. அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் டன், அப்புறம் நபர்வாரி கிலோ, கடைசியில் புரதம்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு நடத்தும் ஃபாவோஸ்டாட் தளத்திலிருந்து மூன்று அட்டவணைகள் வேண்டும். முதலாவது, 2010-லிருந்து தொடங்கும் புதிய உணவுச் சமநிலை அட்டவணை (ஒவ்வோர் உணவுப் பொருளின் வரவையும் செலவையும் ஆண்டுவாரியாகக் காட்டுவது). இரண்டாவது, 1961 முதல் 2013 வரையிலான பழைய முறை அட்டவணை. மூன்றாவது, 2010 முதல் கிடைக்கும் வழங்கல் பயன்பாட்டுக் கணக்கு. முதல் இரண்டில் தக்காளியும் அதிலிருந்து செய்த பொருள்களும் ஒரே வரியில் இருக்கும். மூன்றாவதில் பழமும் விழுதும் தனித்தனியாக இருக்கும்.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். நிரல் எழுதத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குறையில்லை. ஒரு நாடு, ஒரு பொருள் என்றால் அறுபது சொச்சம் வரிசைகள்தான் வரும்.

இவற்றோடு அந்த நாட்டைப் பற்றிய சில செய்திகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லை எந்த ஆண்டு மாறியது, பெரிய பஞ்சமோ போரோ எப்போது வந்தது, கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எந்த ஆண்டு என்ற அளவில் இருந்தால் போதும். கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே இதை எழுதி வைக்க வேண்டும். பார்த்த பிறகு தேடினால் எந்த வளைவுக்கும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

2. கேள்வியை முதலில் பூட்டுங்கள்

'வழங்கல்' வேறு, 'சாப்பிட்டது' வேறு. உணவுச் சமநிலை அட்டவணை சொல்வது, சில்லறை விற்பனை வரை வந்து மக்களுக்குக் கிடைத்த அளவை. வீட்டில் அழுகிப்போனதும் தட்டில் மிஞ்சியதும் அதில் கழிக்கப்படுவதில்லை. கொல்லையில் பறித்த தக்காளி பல நாடுகளின் உற்பத்திக் கணக்குக்குள் முழுமையாக வருவதும் இல்லை. ஒன்று எண்ணைக் கூட்டுகிறது, மற்றொன்று குறைக்கிறது.

ஆகவே தலைப்பிலேயே 'வழங்கல்' என்று போடுங்கள். 'மக்கள் உண்ட புரதம்' என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் திருத்திக்கொள்வது செல்லாது.

எண்ணின் அளவையும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பழுத்த தக்காளியின் எடையில் 94, 95 சதவீதம் தண்ணீர்தான். 100 கிராம் பழத்தில் புரதம் 0.8 முதல் 0.9 கிராம். ஆண்டுக்கு நபருக்கு 20 கிலோ கிடைக்கும் நாட்டில் இது நாளுக்கு அரை கிராம் புரதமாகத் தேறும். 100 கிலோ கிடைக்கும் நாட்டில்கூட இரண்டரை கிராமைத் தொடாது. எல்லா உணவிலிருந்தும் கிடைக்கும் மொத்தப் புரதம் பல நாடுகளில் 80 கிராமைத் தாண்டும். உங்கள் கணக்கில் தக்காளிக்கு 5 கிராம் வந்தால், எங்கோ ஒரு பூஜ்யம் இடம் மாறியிருக்கிறது.

3. பதிவிறக்கும்போதே கவனிக்க வேண்டியவை

சமநிலை அட்டவணையில் 'தக்காளியும் அதன் பொருள்களும்' என்ற வரியின் எண் 2601. உற்பத்தி அட்டவணையில் தக்காளிப் பயிரின் எண் 388. இரண்டையும் குழப்பி, உற்பத்தியை ஓர் அட்டவணையிலிருந்தும் வழங்கலை வேறோர் அட்டவணையிலிருந்தும் எடுக்கிறவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது என்றில்லை. ஆனால் இரண்டும் வெவ்வேறு நாளில் திருத்தப்பட்டிருக்கலாம், அப்போது கூட்டல் ஒத்துவராது.

அளவீடுகளில் புரதத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாவற்றையும் இறக்குங்கள்: உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, இருப்பு மாற்றம், உள்நாட்டு வழங்கல், தீவனம், விதை, இழப்பு, பதப்படுத்தல், பிற பயன்பாடு, சுற்றுலாப் பயணிகளின் நுகர்வு, எஞ்சியது, உணவு. அதோடு நபர்வாரி கிலோ (எண் 645), நபர்வாரி நாள்வாரிப் புரதம் (எண் 674), மக்கள்தொகை. புரத எண் திடீரென்று துள்ளினால் அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக இவை எல்லாம் தேவைப்படும்.

கூடவே குறிக்கொடி நெடுவரிசையையும் இறக்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆங்கில எழுத்துதான் குறிக்கொடி. ஏ என்றால் நாடே தந்த அதிகாரபூர்வ எண், ஈ என்றால் மதிப்பீடு, ஐ என்றால் இல்லாத எண்ணை வேறு எண்களைக் கொண்டு நிரப்பியது. தொடர்ந்து நான்கு ஆண்டு நிரப்பிய எண்ணாக இருந்தால், அந்த நான்கு ஆண்டின் 'போக்கு' நிரப்பியவரின் சூத்திரத்தைத்தான் காட்டும்.

இறக்கிய நாளை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படுகின்றன. ஆறு மாதம் கழித்து வேறொருவர் இறக்கிப் பார்த்து 'உங்கள் எண் தவறு' என்று சொல்லும்போது இந்தத் தேதிதான் கைகொடுக்கும்.

சில்லறைத் தொல்லை ஒன்று. மொத்தமாக இறக்கும் ஃபைல்களில் நாட்டுக் குறியீட்டு எண்ணின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும், பொருள் எண்ணுக்கு முன்னால் எஸ் என்ற எழுத்து வரும். இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது ஒரு வரிசைகூடப் பொருந்தவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

4. 'நாடு' என்பது எது என்று உறுதி செய்யுங்கள்

இது அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

பெயரை வைத்து இணைக்காதீர்கள், எண்ணை வைத்து இணையுங்கள். சுவாசிலாந்து எஸ்வாட்டினி ஆகிவிட்டது, செக் குடியரசு செக்கியா ஆகிவிட்டது, மாசிடோனியாவின் பெயருக்கு முன் 'வட' சேர்ந்துவிட்டது. துருக்கியின் ஆங்கில எழுத்துக்கூட்டல்கூட மாறிவிட்டது. பெயரை வைத்துத் தேடினால் தொடர் நடுவில் அறுந்துபோகும். பலர் அந்த வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

எண்ணும் எப்போதும் காப்பாற்றாது. சோவியத் ஒன்றியம் 1991 வரைதான் இருக்கும், செக்கோஸ்லோவாக்கியா 1992 வரை. பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் 1999 வரை ஒன்றாகவே கணக்கிடப்பட்டன. சூடான் 2011-ல் பிரிந்தது. இப்படிப்பட்ட நாடுகளுக்கு 1961-லிருந்து ஒரே கோடு வரைய வேண்டுமென்றால் பிரிந்த நாடுகளின் டன்களைக் கூட்டி, மக்கள்தொகைகளைக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். நபர்வாரி எண்களைச் சராசரி எடுத்தால் சின்ன நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒரே எடை கிடைத்துவிடும்.

சீனாவில் வேறு மாதிரிச் சிக்கல். 'சீனா' என்று ஒரு வரி இருக்கும். 'சீனப் பெருநிலம்', ஹாங்காங், மக்காவ், தைவான் என்று தனித்தனி வரிகளும் இருக்கும். முதல் வரி மற்ற நான்கையும் உள்ளடக்கியது. உலகத்திலேயே அதிகத் தக்காளி விளைவிக்கும் நாடு இரண்டு தடவை கணக்கில் ஏறினால் உலகக் கூட்டுத்தொகையே கெட்டுப்போகும்.

5. டன் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்

இப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு கூட்டல் போடுங்கள்.

ஒன்று, வரவு: உற்பத்தி, கூட்டல் இறக்குமதி, கழித்தல் ஏற்றுமதி, இருப்பு மாற்றத்தைச் சரிசெய்தால் உள்நாட்டு வழங்கல் வர வேண்டும். இன்னொன்று, செலவு: உணவு, இழப்பு, தீவனம், விதை, மற்றவை எல்லாம் சேர்ந்து அதே உள்நாட்டு வழங்கலுக்கு வர வேண்டும்.

கற்பனை நாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அட்டவணையின் அலகு ஆயிரம் டன். உற்பத்தி 1,020, இறக்குமதி 60, ஏற்றுமதி 80, இருப்பு மாற்றம் 0. உள்நாட்டு வழங்கல் 1,000. செலவுப் பக்கம் இழப்பு 100, உணவு 900. சரியாக வருகிறது. ஒன்று, இரண்டு வித்தியாசம் வந்தால் சுருக்கி எழுதியதால் வந்தது, விட்டுவிடலாம். முப்பது, நாற்பது வந்தால் விடக் கூடாது.

இருப்பு மாற்றத்தின் குறியில்தான் ரொம்பப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இருப்பு கூடினால் கூட்டல் குறியா, கழித்தல் குறியா? பழைய அட்டவணையில் இருந்ததையே புதியதிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். இருப்பு பூஜ்யமாக இல்லாத ஓர் ஆண்டைத் தேடி, எந்தக் குறி போட்டால் கணக்கு சரியாகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு அட்டவணைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

அடுத்து, இழப்பை உள்நாட்டு வழங்கலால் வகுத்து ஒரு நெடுவரிசை போடுங்கள். வருடா வருடம் 10 சதவீதம், 10 சதவீதம், 10 சதவீதம் என்று வந்தால் அது அளந்த இழப்பு அல்ல, ஒரே விகிதத்தைப் போட்டு நிரப்பியது. தக்காளி சீக்கிரம் கெடும் பொருள். அறுவடைக்குப் பிந்தைய இழப்பு மழைக்கும் சாலைக்கும் குளிர்கிடங்குக்கும் தக்கபடி ஏறி இறங்கத்தான் செய்யும். அப்படி ஏறி இறங்காத எண்ணை வைத்துக்கொண்டு 'இழப்பு குறைந்ததால் புரத வழங்கல் கூடியது' என்று எழுத முடியாது. இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமலேயே அந்த வாக்கியத்தை எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

'எஞ்சியது' என்ற வரி பெரிதாக இருக்கும் ஆண்டுகளையும் குறித்து வையுங்கள். வரவும் செலவும் ஒத்துவராதபோது மிச்சத்தைத் தள்ளும் இடம் அது. அந்த ஆண்டுகளின் உணவு எண்ணை அரை நம்பிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

6. விழுது, சாறு, டின்: எல்லாம் பழமாகத் திரும்ப வேண்டும்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். மற்ற காய்கறிகளைவிடத் தக்காளியில் இது அதிகம் சிக்கலானது, ஏனென்றால் உலகச் சந்தையில் தக்காளி பெரும்பாலும் விழுதாகவே கடல் கடக்கிறது.

2601 என்ற வரி எல்லாவற்றையும் பழத்தின் எடைக்கு மாற்றிய கணக்கு. 10,000 டன் விழுது இறக்குமதியானால் வரியில் 10,000 என்று வராது. அது எத்தனை டன் பழத்திலிருந்து வந்திருக்கும் என்று கணித்து அந்த எண்ணைப் போடுவார்கள்.

அந்தக் கணிப்பை நீங்களே தோராயமாகச் சரிபார்க்கலாம். பழத்தில் திடப்பொருள் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண விழுதில் 28 சதவீதம். 28-ஐ 5-ஆல் வகுத்தால் 5.6. அதாவது ஒரு கிலோ விழுதுக்கு ஐந்தரை கிலோவுக்கு மேல் பழம். தோலும் விதையும் கழியும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். 36 சதவீதம் வரை காய்ச்சிய விழுது என்றால் ஏழு கிலோவைத் தாண்டும்.

இதனால் என்ன ஆகும்? விழுதை நம்பியிருக்கும் ஒரு சின்ன நாடு, மக்கள்தொகை 40 லட்சம் என்று வையுங்கள். 10,000 டன் விழுதுக்குக் காரணி 5 என்றால் பழக்கணக்கில் 50,000 டன், 6 என்றால் 60,000 டன். வித்தியாசம் நபருக்கு ஆண்டுக்கு இரண்டரை கிலோ, புரதத்தில் நாளுக்கு 0.06 கிராம். தக்காளிப் புரதமே அரை கிராம் இருக்கும் இடத்தில் இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். யாரும் கூடுதலாக ஒரு வாய்கூடச் சாப்பிடாமலேயே கோடு ஏறிவிடும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைப் பார்க்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கானாவும் நைஜீரியாவும் வெளிநாட்டு விழுதை ஏராளமாக வாங்கிய நாடுகள். இத்தாலி வேறு மாதிரி: விழுதை இறக்குமதி செய்கிறது, பதப்படுத்திய தக்காளியை ஏற்றுமதியும் செய்கிறது. உள்ளே வருவதற்கு ஒரு காரணி, வெளியே போவதற்கு வேறு காரணி என்று இருந்தால் நடுவில் தங்கும் 'உணவு' எண் ஆடத்தான் செய்யும்.

இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, 2601-ன் உணவு எண்ணோடு விழுதின் எண்ணையும் கூட்டுவது. விழுது ஏற்கெனவே பழமாக மாறி அதற்குள் இருக்கிறது, மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு. இன்னொன்று, 'பதப்படுத்தல்' வரி பூஜ்யமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த நாட்டில் விழுதுத் தொழிலே இல்லை என்று முடிவு கட்டுவது. விழுதாகச் சாப்பிட்டதும் இந்த வரியில் 'உணவு' என்றுதான் போகும்.

பழமா, விழுதா, எது கூடியது என்று தெரிய வேண்டுமென்றால் வழங்கல் பயன்பாட்டுக் கணக்கைத் திறந்து 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மட்டும் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சுங்கத் தரவு உதவும்: 0702 பழம், 2002 பதப்படுத்திய தக்காளி, 2009.50 சாறு, 2103.20 கெட்சப்பும் சாஸும்.

7. நபர்வாரி கிலோ

சூத்திரம் எளிது. உணவு ஆயிரம் டன்னில், மக்கள்தொகை ஆயிரம் பேரில் இருந்தால், உணவை 1,000-ஆல் பெருக்கி மக்கள்தொகையால் வகுத்தால் ஆண்டுக்கு நபருக்கு எத்தனை கிலோ என்று வரும். நம் கற்பனை நாட்டில் 2011-ல் உணவு 900, மக்கள்தொகை 40,000. ஆக, 22.5 கிலோ.

வந்த எண்ணை அட்டவணையின் 645-ஆம் அளவீட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் பெரும்பாலும் மக்கள்தொகையை வேறு இடத்திலிருந்து எடுத்திருப்பீர்கள். ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை மதிப்பீடு 2019, 2022, 2024 என்று அடிக்கடி திருத்தப்படுகிறது, ஒவ்வொரு திருத்தத்திலும் பழைய ஆண்டுகளும் மாறும். எந்தப் பதிப்பு சரி என்று வாதாடத் தேவையில்லை. தொடர் முழுவதும் ஒரே பதிப்பு இருந்தால் போதும்.

சுற்றுலாப் பயணிகள் நிறைய வரும் சிறு தீவுகளில் வகுக்கும் எண்ணே சிக்கல். வந்தவர்கள் சாப்பிட்டதை உள்ளூர்க்காரர் தலையில் வகுத்தால் நபர்வாரி எண் வீங்கும். புதிய அட்டவணையில் அதற்கென்று தனி வரி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கடைசியில் புரதம்

கிலோவை கிராமாக்கி, 365-ஆல் வகுத்து, புரத விகிதத்தால் பெருக்குங்கள். 22.5 கிலோ என்றால் நாளுக்கு 61.6 கிராம் தக்காளி. 100 கிராமுக்கு 0.88 கிராம் புரதம் என்று எடுத்தால் 0.54 கிராம்.

சரி, அட்டவணையிலேயே புரதம் இருக்கும்போது நாம் ஏன் பெருக்க வேண்டும்? காரணம் தசமம். அட்டவணை இரண்டு தசம இடத்தோடு நிறுத்திவிடும். பெரிய எண்களுக்கு அது போதும், தக்காளிப் புரதத்துக்குப் போதாது.

நபருக்கு ஆண்டுக்கு 5 கிலோ அளவில் கிடைக்கும் நாட்டைப் பாருங்கள். 5.15 கிலோ என்றால் 0.124, அட்டவணையில் 0.12. மறு ஆண்டு 5.20 கிலோ என்றால் 0.125-ஐத் தாண்டிவிடும், அட்டவணையில் 0.13. உண்மையில் கூடியது ஒரு சதவீதம். 0.12-லிருந்து 0.13 என்று பார்க்கிறவருக்கு 8 சதவீதம். அதற்கு அடுத்த மூன்று ஆண்டு கிலோ மெதுவாக ஏறிக்கொண்டே போனாலும் புரதம் 0.13-லேயே நிற்கும். படியேறுவது போன்ற கோட்டைத் தக்காளிப் புரதப் படங்களில் பார்த்தால் அது இதுதான்.

அட்டவணையின் புரத எண்ணைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அந்த எண்ணை 365-ஆல் பெருக்கி, ஆண்டுக்கான கிராம் தக்காளியால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். அட்டவணை எந்தப் புரத விகிதத்தைப் பயன்படுத்தியது என்று தெரியும். ஒவ்வோர் ஆண்டுக்கும் இதைச் செய்யுங்கள். 0.8-ஐச் சுற்றியே வந்துகொண்டிருந்த விகிதம் ஓர் ஆண்டில் 0.9-க்குத் தாவி அங்கேயே தங்கினால் காரணி மாறியிருக்கிறது, அல்லது பழமும் விழுதும் கலக்கும் விகிதம் மாறியிருக்கிறது. இரண்டும் மக்களுக்குக் கூடுதல் தக்காளி கிடைத்ததற்குச் சான்று ஆகாது. சிறிய எண்களில் சுருக்கியதாலேயே விகிதம் கொஞ்சம் ஆடும். 5 கிலோ நாட்டில் 0.85, 0.92 என்று அலைவதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

இன்னொரு விஷயம், ஓரமாகச் சொல்லி வைக்கிறேன். உணவுப் பட்டியல்களில் புரதம் பொதுவாக நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வருவது. தக்காளியில் புரதமாகக் கட்டப்படாமல் தனியாகத் திரியும் அமினோ அமிலங்கள் நிறைய உண்டு, குறிப்பாகக் குளூட்டமிக் அமிலம். அதன் நைட்ரஜனும் 'புரதம்' என்றே எண்ணப்படுகிறது. போக்கைக் கணக்கிட இது தடையில்லை, எல்லா ஆண்டும் ஒரே மாதிரிதான். ஆனால் தக்காளிப் புரதத்தையும் பருப்புப் புரதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

9. பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒட்டுதல்

1961-லிருந்து நீண்ட கோடு வேண்டாம், 2010-க்குப் பிறகு போதும் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். முடிந்தால் தாண்டுங்கள் என்றே சொல்வேன்.

வேண்டும் என்றால், 2013 வரை பழையது, 2014-லிருந்து புதியது என்று வெட்டி ஒட்டாதீர்கள். கணக்கிடும் முறையும் மக்கள்தொகை எண்ணும் மாறியிருப்பதால் ஒட்டிய இடத்தில் ஒரு படிக்கட்டு வரும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படங்கள் பலவற்றில் 2010-ஐ ஒட்டியோ 2014-ஐ ஒட்டியோ ஒரு திடீர்த் துள்ளலைக் காணலாம். காரணம் தேடுவதற்கு முன்னால் அது ஒட்டுத் தையலா என்று பார்த்துவிடுங்கள்.

நல்லவேளையாக 2010 முதல் 2013 வரை நான்கு ஆண்டுகள் இரண்டு அட்டவணையிலும் இருக்கின்றன. நான்கு ஆண்டுக்கும் புதியதைப் பழையதால் வகுங்கள். கற்பனை நாட்டை விட்டு வேறு எண்களை எடுப்போம்: பழையது 22.1, 22.8, 23.0, 23.7 கிலோ, புதியது 19.9, 20.5, 20.9, 21.3. விகிதங்கள் 0.90, 0.90, 0.91, 0.90. நான்கும் நெருக்கமாக இருப்பதால் சராசரியை எடுத்து, பழைய தொடர் முழுவதையும் அதனால் பெருக்கலாம். புரதத்துக்கு அல்ல, கிலோவுக்குத்தான் இதைச் செய்ய வேண்டும்.

நான்கு விகிதங்களும் 0.8, 1.1, 0.9, 1.2 என்று சிதறினால் ஒட்டாதீர்கள். இரண்டு தொடரின் வடிவமே வேறு என்று அர்த்தம், ஓர் எண்ணால் பெருக்கி அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு கோடுகளை இரண்டு நிறத்தில் போட்டுவிடுங்கள்.

10. போக்கை அளத்தல்

முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் எடுத்து சதவீதம் போடுவது எல்லோருக்கும் பழகிய வழி. தக்காளிக்கு அது ஆகாது. ஒரு பருவம் விளைச்சல் பொங்கும், அடுத்த பருவம் நோய் வரும். 21, 24, 22, 23, 25, 22 என்று ஆறு ஆண்டுகள் இருந்தால் முதல் ஆண்டிலிருந்து பார்த்தால் ஏற்றம். ஓர் ஆண்டு தள்ளித் தொடங்கினால் இறக்கம். தொடங்கும் ஆண்டைத் தேர்ந்தெடுப்பதே முடிவைத் தேர்ந்தெடுப்பதாகிவிடும்.

மூன்றாண்டு நகரும் சராசரி போட்டு முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு கிலோ எண்களுக்கு இயல் மடக்கை (ஸ்ப்ரெட்ஷீட்டில் எல்என் சார்பு) எடுத்து, ஆண்டுக்கு எதிராக அதன் சாய்வைக் கண்டுபிடியுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஸ்லோப் சார்பு இதைச் செய்யும். சாய்வு 0.004 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.4 சதவீத வளர்ச்சி. நகரும் சராசரிக்குச் சாய்வு எடுக்காதீர்கள். மூல எண்களுக்கே எடுங்கள், இல்லையென்றால் சிதறல் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

ஒரே சாய்வு முழுக் காலத்துக்கும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். முப்பது ஆண்டு ஏறி, இருபது ஆண்டு சமமாக நின்ற தொடருக்கு ஒரே வளர்ச்சி வீதம் சொல்வது யாருக்கும் பயன்படாது. முறிவு இருந்தால் இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

11. ஏன் என்று கேட்பது

இதற்கு முன்பே காரணம் தேடாமல் இருந்தீர்கள் என்றால் இப்போது வேலை சுலபம். டன்னும் மக்கள்தொகையும் தனித்தனியாக இருக்கின்றன.

கற்பனை நாட்டில் 2011-ல் உணவு 900 ஆயிரம் டன், மக்கள்தொகை 4 கோடி. 2021-ல் 1,150 ஆயிரம் டன், 5 கோடி பேர். தக்காளி 28 சதவீதம் கூடியது, மக்கள்தொகை 25 சதவீதம் கூடியது. நபர்வாரி 22.5 கிலோ 23 கிலோவாக ஆனது, புரதம் 0.54-லிருந்து 0.55 ஆனது. உற்பத்தி அட்டவணையை மட்டும் பார்த்தவர் 'பாய்ச்சல்' என்பார், புரத நெடுவரிசையை மட்டும் பார்த்தவர் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பார். இரண்டையும் அடுத்தடுத்த வாக்கியத்தில் எழுதினால்தான் நடந்தது விளங்கும்.

டன் கூடியதற்கு என்ன காரணம் என்பதையும் அதே அட்டவணை சொல்லும். உற்பத்தி கூடியதா, இறக்குமதி கூடியதா, ஏற்றுமதி குறைந்ததா? உற்பத்தி என்றால் உற்பத்தி அட்டவணையில் பரப்பும் எக்டேருக்கான விளைச்சலும் இருக்கும், அதையும் பிரித்துவிடலாம்.

அதன்பிறகு, முதல் படியில் எழுதி வைத்த தாளை எடுங்கள். எடுத்துக்காட்டாக, 2016-ல் நைஜீரியாவின் கடுனா மாநிலம் ஊசிப்புழுத் தாக்குதலால் தக்காளிக்கு அவசரநிலையே அறிவித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் தொடரில் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குறிக்கொடியைப் பாருங்கள். நிரப்பிய எண்ணாக இருந்தால் நடந்த சேதம் அதற்குத் தெரியாது. பள்ளம் இல்லாததை வைத்து 'பாதிப்பு இல்லை' என்று எழுதக் கூடாது.

வீட்டு நுகர்வுக் கணக்கெடுப்பு ஏதாவது கிடைத்தால் அளவைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். வழங்கல் எண்ணைவிட அது பொதுவாகக் குறைவாகத்தான் இருக்கும், வெளியில் சாப்பிட்டது அதில் சரியாகப் பதிவாகாது. இரண்டும் ஒரே திசையில் போகின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது.

12. படமும் வாக்கியமும்

படத்தில் இடப்பக்க அச்சில் நபர்வாரி கிலோ வரட்டும். புரதத்தை வலப்பக்க அச்சில் போடுங்கள். ஒரே கோடுதான், இரண்டு அளவுகோல். இரண்டு தனிக் கோடுகளாகப் போட்டால் இரண்டு தனிச் செய்திகள் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். 0.50-லிருந்து 0.56 வரை மட்டும் காட்டினால் 0.01 கிராம் மலை மாதிரித் தெரியும்.

நிரப்பிய எண்கள் இருக்கும் ஆண்டுகளைப் புள்ளிக்கோடாக்குங்கள். தொடரை ஒட்டியிருந்தால் ஒட்டிய ஆண்டில் நெடுக்குக் கோடு ஒன்று போட்டு விகிதத்தை அருகில் எழுதுங்கள்.

எழுதும் வாக்கியத்தில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: எந்த நாடு, எந்த ஆண்டுகள், நபர்வாரி கிலோ, அதன் புரதம், இறக்கிய தேதி. மொத்தப் புரதத்தில் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்தால் நல்லது. அதற்கு அதே அட்டவணையின் 2901 என்ற மொத்த வரியை எடுங்கள், வேறு இடத்திலிருந்து எடுக்காதீர்கள். கற்பனை நாட்டின் மொத்தப் புரதம் 80 கிராம் என்றால் வாக்கியம் இப்படி வரும்: '2011-க்கும் 2021-க்கும் இடையே தக்காளியின் நபர்வாரி வழங்கல் ஆண்டுக்கு 22.5 கிலோவிலிருந்து 23 கிலோ ஆனது. புரதத்தில் இது நாளுக்கு 0.54 கிராமிலிருந்து 0.55 கிராம், 2021-ன் மொத்தப் புரத வழங்கலில் சுமார் 0.7 சதவீதம்.' அதன் கீழே, புரதக் காரணி 100 கிராமுக்கு 0.88 என்றும் இறக்கிய தேதியும் ஒரு வரியில்.